மணத்துக்கு மதிப்பெண் இல்லை



மே மாதம் வந்துவிட்டால் நம் நீலகிரியில் எங்கே திரும்பினாலும் பூவைப் பற்றிய பேச்சுத்தான். கீழே சமவெளியில் வெயில் கொளுத்துகிறது. இங்கே எல்க் ஹில் சரிவில் ரோஜாப் பூங்கா அடுக்கடுக்காக மலர்ந்து நிற்கிறது. 1995-இல், நூற்றாண்டு மலர்க் காட்சியின் நினைவாகத் தொடங்கிய தோட்டம் அது. 2006-இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பே விருது கொடுத்துப் பாராட்டிய தோட்டம். ஆயிரக்கணக்கான ரோஜா வகைகள் அங்கே இருக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டு வாசலில், பெயிண்ட் டப்பாவிலும் எண்ணெய் டின்னிலும் நீங்கள் வளர்க்கிற ரோஜாக்களும் எனக்குத் தெரியும். வீடு சந்திக்க வந்தால், டீ போடுவதற்கு முன்னே செடியைத்தான் காட்டுகிறீர்கள். "பாருங்க ஃபாதர், இந்த வருஷம் எப்படிப் பூத்திருக்கு!" என்று முகமெல்லாம் மலரச் சொல்லுகிறீர்கள். கூடவே இன்னொன்றும் வருகிறது: "இருந்தாலும் மேல் வீட்டுல இதைவிடப் பெருசு."

பூவைப் பூவோடு ஒப்பிடுவதில் தவறில்லை. செடி வளர்க்கிறவர்கள் அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். எந்த வகை நம் மண்ணுக்குப் பிடிக்கிறது, எதற்குக் கரும்புள்ளி நோய் சீக்கிரம் வருகிறது, எது கோடை மழைக்குத் தாங்குகிறது என்பதையெல்லாம் பக்கத்துச் செடியையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதே கண்ணோடு வீட்டுக்குள் திரும்பி, கூடப் பிறந்தவரையும் பெற்ற பிள்ளையையும் பார்க்கத் தொடங்கும்போதுதான் நோவு ஆரம்பமாகிறது.

பெந்தக்கோஸ்து பெருவிழாவுக்கு முந்திய நாளாகிய இன்று, யோவான் நற்செய்தியின் கடைசிப் பகுதியைத் திருச்சபை நமக்கு வாசித்துக் காட்டுகிறது. திபேரியக் கடலோரத்தில் காலை உணவு முடிந்திருக்கிறது. மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம், தம்மை அன்பு செய்கிறாயா என்று ஆண்டவர் மூன்று முறை கேட்டுவிட்டார். பழைய பாவத்தைச் சொல்லிக் காட்டவில்லை. தம் ஆடுகளையே அவர் கையில் ஒப்படைத்தார். தம்மைப் பின்தொடரும்படி அழைத்தார். இதைவிடப் பெரிய இரக்கம் ஒரு மனிதனுக்குக் கிடைக்குமா? ஆனால் பேதுரு அந்த நிமிடமே என்ன செய்தார் என்று கவனித்தீர்களா? திரும்பிப் பார்த்தார். பின்னால் யோவான் வருவதைக் கண்டார். உடனே, இவருக்கு என்ன ஆகும் என்று ஆண்டவரிடம் கேட்டார்.

மன்னிப்புப் பெற்ற ஈரம் கூட இன்னும் காயவில்லை. அதற்குள் பக்கத்தில் வருகிறவர் மேல் கண் போய்விட்டது. அன்புக்குரியவர்களே, இந்தக் கண் நமக்கும் இருக்கிறது, இல்லையா? நற்கருணை வாங்கித் திரும்பும்போதே, யார் வந்திருக்கிறார்கள், என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்கிற கண். தம்பி கட்டிய வீட்டைப் பார்த்து, கடவுள் தந்த தன் வீட்டுக்கு நன்றி சொல்ல மறக்கிற கண். நீங்கள் கடைசியாக யாரைத் திரும்பிப் பார்த்தீர்கள்? பார்த்த பிறகு உங்கள் மனதில் இருந்த அமைதி எங்கே போனது?

ஆண்டவர் பேதுருவை அதட்டவில்லை. யோவான் பெரியவரா பேதுரு பெரியவரா என்று விளக்கம் சொல்லவும் இல்லை. அவரைப் பற்றி உனக்கு என்ன, நீ என் பின்னே வா என்ற பொருளில் பதில் சொன்னார். கொடுத்த பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பிப் பார்த்த பேதுருவையும் ஆண்டவர் கைவிடவில்லை. இதை நெஞ்சில் பிடித்துக்கொள்ளுங்கள். நமக்கு ஆறுதல் இங்கேதான் இருக்கிறது.

பிரியமானவர்களே, மறுபடி நம் ரோஜாச் செடிக்கு வருவோம். இந்த வசந்தத்துப் பூ சும்மா வந்துவிடவில்லை. உறைபனி விலகும் சமயத்தில் கவாத்து நடந்ததே, நினைவிருக்கிறதா? வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவைத் தேடி, அதற்குக் கால் அங்குலம் மேலே, சரிவாக ஒரு வெட்டு. காய்ந்த கொம்பு, உரசிக்கொள்ளும் கொம்பு, ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பி உரத்தையெல்லாம் உறிஞ்சுகிற காட்டுக் கொம்பு எல்லாம் போய்விடும். வெட்டி முடித்த செடியைப் பார்த்தால், இது இனிப் பிழைக்குமா என்று வயிற்றைப் பிசையும். ஆனால் எல்லா ரோஜாவுக்கும் ஒரே வெட்டு இல்லை. தண்டுக்கு ஒரு பூவாக நிமிர்ந்து நிற்கும் ஹைபிரிட் டீ வகையை நன்றாக இறக்கி வெட்டுவார்கள். கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டாவை அவ்வளவு இறக்குவதில்லை. வேலியில் ஏறும் கொடி ரோஜாவை அதே கத்தரியோடு தரைமட்டம் வெட்டினால், அந்த ஆண்டு பூவையே பார்க்க முடியாமல் போகலாம். பல கொடி வகைகள் பழைய கொம்பில்தான் பூக்கின்றன. கை ஒன்றுதான். செடிக்குச் செடி வெட்டு வேறு.

"எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு, அவர்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்று என்னிடம் கண்ணீரோடு கேட்டவர்கள் இந்தக் கோயிலில் உண்டு. எல்லாத் துன்பமும் கடவுள் வெட்டிய வெட்டு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். குடியும் கந்துவட்டியும் மனிதர் மனிதருக்குச் செய்த காயம். அதற்குக் கடவுள் பெயரைப் போட நமக்கு உரிமை இல்லை. ஆனால் கனி தரும் கொடியைத் தந்தை தம் கையால் கழித்துவிடுகிறார் என்று இயேசு சொல்லியிருக்கிறார். அந்தக் கைக்கு உங்களைத் தெரியும். எவ்வளவு தாங்குவீர்கள், எந்தக் கணுவிலிருந்து துளிர்ப்பீர்கள் என்று தெரியும். அடுத்தவர் செடியைப் பார்த்து உங்கள் மேல் கத்தரி வைப்பவர் அல்லர் அவர். இதை நம்புகிறீர்களா? நம்ப முடியாத நாளில், நம்ப முடியவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள். அதுவும் செபம்தான்.

நம் பீடத்தருகே நிற்கும் சிறுமலர் புனித தெரேசாவை இங்கே மறக்க முடியாது. பிரான்சு நாட்டு லிசியே நகரில் பதினைந்து வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர். 1897-இல், இருபத்து நான்காம் வயதில், காசநோயில் இறந்தவர். 1925-இல் புனிதையானார், 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்டார். இவரும் நம்மைப் போலவே ஒப்பிட்டுக் கலங்கியவர். கடவுள் ஏன் எல்லாருக்கும் ஒரே அளவு அருள் தருவதில்லை, ஏன் சிலரை இவ்வளவு சீராட்டுகிறார் என்று அவருக்குக் கேள்வி இருந்தது. ஆண்டவர் அவருக்கு இயற்கையைத் திறந்து காட்டினார். ரோஜாவின் சிவப்பாலும் லீலியின் வெண்மையாலும் சின்ன வயலட் பூவின் மணம் குறைந்துவிடவில்லை. எல்லாச் சிறு பூக்களும் ரோஜாவாக ஆசைப்பட்டால் வசந்தம் தன் அழகை இழந்துவிடும் என்று அவருக்கு விளங்கியது. கடவுள் தன்னை என்னவாக விரும்பினாரோ அதுவாக இருப்பதே புனிதம் என்று கண்டுகொண்டார். தன்னைச் சின்னப் பூ என்று சொல்லிக்கொண்ட அந்த மகளின் கையில்தான் இன்று உலகமெங்கும் ரோஜாக்களை வைத்து வணங்குகிறோம்.

பெற்றோரே, உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். மலர்க் காட்சியும் தேர்வு முடிவும் நமக்கு ஒரே மாதத்தில் வருகின்றன. கண்காட்சிக்கு ரோஜா அனுப்புகிறவர்கள் செய்யும் ஒரு வேலை உங்களுக்குத் தெரியும். நடுமொட்டு பெரிதாக வர வேண்டும் என்று, அதே தண்டில் பக்கத்தில் கிளம்புகிற சின்ன மொட்டுகளை, மிளகளவு இருக்கும்போதே நகத்தால் கிள்ளிவிடுவார்கள். காட்சிக்கு அது சரி. செடிக்கு வலிக்காது. ஆனால் ஒரு மதிப்பெண் பெரிதாக வர வேண்டும் என்று உங்கள் பிள்ளையிடம் எத்தனை மொட்டுகளைக் கிள்ளியிருக்கிறீர்கள்? பாடல் குழுவுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை இரண்டு வருடமாக வரவில்லை. பந்து விளையாடிய பையன் இப்போது சிரிப்பதில்லை. 600-க்கு இவ்வளவு வாங்கிய பிறகும், "அந்த வீட்டுப் பெண் எவ்வளவு?" என்றுதானே முதல் கேள்வி வருகிறது? அந்தக் கேள்வியைக் கேட்கும்போது பிள்ளையின் முகத்தை ஒருமுறை பாருங்கள். உழைத்த உழைப்பெல்லாம் அப்பாவுக்குப் போதவில்லை என்று அந்த முகம் வாடுகிறது.

பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள். குறைந்த மதிப்பெண்ணோடு இந்த வாரம் ஒளிந்து நடக்கிற யாராவது இங்கே இருந்தால், உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். திருமுழுக்கு நாளில் உங்கள் பெயரைச் சொல்லி அழைத்த கடவுள் இன்றும் அதே பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார். உங்கள் பதிவெண் அவருக்குத் தேவையில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கும்படி கேட்கிறேன். ரோஜாக் காட்சியில் நடுவர்கள் எதை வைத்துப் பரிசு தருகிறார்கள்? அமெரிக்க ரோஜா சங்கம் வகுத்த மதிப்பெண் முறை ஒன்று உண்டு. பூவின் வடிவத்துக்கு 25. நிறத்துக்கு 20. தண்டுக்கும் இலைக்கும் 20. இதழின் உறுதிக்கு 15. பூவும் தண்டும் பொருந்தி நிற்பதற்கு 10. பருமனுக்கு 10. கூட்டினால் 100. இதில் என்ன விடுபட்டிருக்கிறது? மணம்! மணத்துக்கென்று தனிப் போட்டி வைத்தால்தான் உண்டு. இந்த நூறில் அதற்கு ஒன்றுகூட இல்லை. நடுவர்களைக் குறை சொல்ல முடியாது. காலை இளவெயிலில் வீசுகிற மணம் மாலையில் இருப்பதில்லை. ஒரு மூக்குக்கு எட்டுவது இன்னொரு மூக்குக்கு எட்டுவதில்லை. அளக்க முடியாததற்கு எப்படி மதிப்பெண் போடுவது?

நம் பன்னீர் ரோஜாவை அந்த மேசையில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். இதழ் கலைந்திருக்கும். தண்டு குட்டை. தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும். மறுநாளே உதிர்ந்துவிடும். வடிவத்திலும் உறுதியிலும் அது தோற்றுவிடும். ஓசூரிலிருந்து பெட்டி பெட்டியாகப் போகும் நீளத் தண்டு ரோஜா அதன் பக்கத்தில் அரசனைப் போல நிற்கும். ஆனால் மாதா கெபியில் பன்னீர் ரோஜாவை வைத்தால், கோயில் வாசலில் கால் வைக்கும்போதே தெரிந்துவிடும். நம் சோலைகளின் ஓரத்தில் வெள்ளையாக, ஐந்தே இதழில் பூக்கிற காட்டு ரோஜா ஒன்று உண்டு. தென்னிந்திய மலைகளுக்கே உரியது. அதை யாரும் நட்டதில்லை, கவாத்து செய்ததில்லை, காட்சிக்குக் கொண்டுபோனதில்லை. அதைப் படைத்தவர் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பங்கிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறீர்கள். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரை முகம் சுளிக்காமல் குளிப்பாட்டிவிட்டு, தேயிலை பறிக்க ஓடுகிறவர்கள். அண்ணன் செய்த கடனை வாய் திறக்காமல் அடைக்கிறவர்கள். தன் மேல் பழி சொன்னவருக்காக ஜெபமாலையில் ஒரு பத்து மணி ஒதுக்குகிறவர்கள். உங்கள் பெயரை எந்த மேடையிலும் யாரும் வாசித்ததில்லை. நாம் கடவுளுக்கு உகந்த கிறிஸ்துவின் நறுமணம் என்று புனித பவுல் எழுதினாரே, அது உங்களைப் பற்றித்தான். பெத்தானியாவில் மரியா இயேசுவின் பாதத்தில் தைலம் பூசியபோது வீடு முழுவதும் மணந்தது. அந்த மணத்துக்கு முந்நூறு தெனாரியம் என்று விலை போட்டுப் பேசியவர் யூதாசு. இயேசுவோ விலை பேசவில்லை. அவள் செய்ததை அன்பாகவே ஏற்றுக்கொண்டார். மனிதர் தூரத்திலிருந்து பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். ஆண்டவர் பக்கத்தில் வந்து முகர்கிறவர். உங்களிடம் அவர் கண்டுபிடித்திருக்கிற மணம் எது என்று அவரிடம் என்றைக்காவது கேட்டதுண்டா?

"எனக்கு இனி என்ன பருவம் இருக்கிறது, எல்லாம் முடிந்துவிட்டதே" என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மே 22-ஆம் நாள் நாம் நினைவுகூரும் காசியா நகர்ப் புனித ரீத்தா, முரட்டுக் கணவரோடு வாழ்ந்து, அவரைக் கொலையில் பறிகொடுத்து, பிள்ளைகளையும் இழந்து, பிறகுதான் அகுஸ்தீன் சபை மடத்துக்குள் போனவர். 1457-இல் இறந்தார். அதற்கு முந்திய பனிக்காலத்தில், படுக்கையில் கிடந்தபடி, தான் வாழ்ந்த பழைய வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு ரோஜா வேண்டும் என்று கேட்டாராம். இந்தப் பனியில் ஏது ரோஜா என்று எண்ணிக்கொண்டே உறவுக்காரப் பெண் போய்ப் பார்க்க, வெறுங்கொம்பில் ஒரு பூ மலர்ந்திருந்ததாக மரபு சொல்லுகிறது. அதனால்தான் அவர் திருநாளில் ரோஜாக்களை மந்திரித்துக் கொடுக்கிறார்கள். திருமணம் தள்ளிப்போகிற மகளே, வேலை கிடைக்காத மகனே, ஓய்வு பெற்று வீட்டில் தனித்திருக்கும் பெரியவரே, உங்கள் பூவை ஊர்க்காரர் நாட்காட்டியில் தேடாதீர்கள். கடவுளின் இரக்கத்துக்குப் பருவம் தவறுவதில்லை.

அன்பு இறைமக்களே, நாளைக்குத் தூய ஆவியார் பெருவிழா. முதல் பெந்தக்கோஸ்து நாளில் இறங்கிய நெருப்பு நாவுகள் பிரிந்து பிரிந்து ஒவ்வொருவர் மேலும் அமர்ந்தன. பேதுரு மேலும் அமர்ந்தது, யோவான் மேலும் அமர்ந்தது. பேதுரு எழுந்து பேசினார்; யோவான் பக்கத்தில் நின்றார். அதன் பிறகு இருவரும் சேர்ந்தே கோவிலுக்குப் போனார்கள், சேர்ந்தே சிறைக்கும் போனார்கள். கடலோரத்தில் திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்டவர், யாரை ஒப்பிட்டாரோ அவரோடே தோள் சேர்ந்து நடந்தார். தூய ஆவியார் நமக்கும் இதைச் செய்யக்கூடியவர். மாதா கெபி அலங்காரத்தில் எந்த அன்பியம் சிறந்தது என்று மனத்தாங்கலோடு நிற்கிற நம்மையும் அவர் சேர்த்துவைக்க மாட்டாரா?

ஆகவே இன்று இரவு குடும்ப ஜெபத்தில் ஒன்று செய்யுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, தலையில் கை வைத்து, அந்தப் பிள்ளைக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள். அப்போது வேறு யார் பெயரும் உங்கள் வாயில் வர வேண்டாம். கணவன் மனைவிக்காகவும், மனைவி கணவனுக்காகவும் அப்படியே சொல்லுங்கள். யார் மேலாவது பொறாமை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தால், மாலையில் ஒப்புரவு அருள்சாதனத்துக்கு வாருங்கள். நான் கோயிலில்தான் இருப்பேன். வெட்கப்படாதீர்கள். முதல் திருத்தந்தைக்கே இருந்த பலவீனம் அது. அவரை மன்னித்து, தம் பின்னே வரச் சொன்ன ஆண்டவர் உங்களையும் அதே அன்போடு அழைக்கிறார்.

நம்மை ஒவ்வொருவராகப் படைத்து, ஒவ்வொருவராக மீட்டு, ஒவ்வொருவராக அன்பு செய்கிற தந்தை மகன் தூய ஆவியாரின் ஆசி உங்கள் மேலும், உங்கள் பிள்ளைகள் மேலும், உங்கள் உழைப்பின் மேலும் நிறைவாக இறங்குவதாக. ஆமென்.